ஒரு கட்டம் முன்னால்

கிண்டியில் ஏறியதும் செழியனுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது. அதுவே அவனுக்குச் சரியாகப் படவில்லை. சாயங்கால வேளையில் செங்கல்பட்டு வண்டியில் கால் வைக்க இடம் கிடைப்பதே பெரிய விஷயம். உட்கார இடம், அதிலும் ஜன்னலோரம் என்றால், இந்த நல்லதுக்கு ஈடாக வேறெங்கோ ஒரு கெட்டது காத்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிற ரகம் அவன். எழுந்து யாருக்காவது கொடுத்துவிடலாமா என்றுகூடப் பார்த்தான். எதிரே நின்றவர்கள் எல்லாரும் அவனைவிட வாட்டசாட்டமாக இருந்தார்கள். சரி என்று பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பைக்குள் சாப்பாட்டு டப்பா, குடை, அப்புறம் கேம் விளையாடுகிற அந்தக் கன்சோல். இரண்டு கைக்குள் அடங்குகிற சாமான்தான். அலுவலக மேஜை இழுப்பறையில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து, இன்றைக்குத்தான் மூச்சு விட வெளியே வந்திருக்கிறது. காலையில் அவன் செருப்பு மாட்டும்போது மனைவி பிரமிளா படுத்த படுக்கையிலிருந்தே குரல் கொடுத்திருந்தாள். தொலைபேசியில் பார்க்கிற தொடரெல்லாம் முடிந்துவிட்டதாம், விட்டத்து மின்விசிறி அழுக்குகூட மனப்பாடமாகிவிட்டதாம், நீ விளையாடுவாயே, கட்டம் கட்டமாக ஆளை நகர்த்தி நகர்த்திச் சண்டை போடுகிற ஜப்பான்காரன் கேம், அதில் எனக்கு ஏற்றதாக ஒன்று சொல், இல்லாவிட்டால் எழுந்து மொட்டை மாடிக்குப் போய் நடக்க ஆரம்பித்துவிடுவேன் என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் மொட்டை மாடி என்ற சொல் அவனோடு ரயில் வரைக்கும் வந்துவிட்டது.

கேட்டவள் கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டிருந்தாள். இந்த ரக கேம்களை விளையாடுகிறவர்கள் சிலர் சேர்ந்து தொலைபேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள், கட்டம் கட்டும் கூட்டம் என்று பெயர். அதில் புதிதாக யார் வந்து எதை விளையாடலாம் என்று கேட்டாலும் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள், செழியன் வரட்டும் என்று காத்திருப்பார்கள். செழியன் வந்து மூன்றே கேள்வி கேட்பான். கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது, தோற்றால் கோபம் வருமா, ஆசையாக வளர்த்த ஆள் செத்தால் தாங்குவீர்களா. பதில் வந்த மறுநிமிஷம் ஒரு கேம் பெயர் சொல்வான், அது அந்த ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாக உட்கார்ந்துவிடும். இப்போதுகூட வண்டி பரங்கிமலையைத் தாண்டும்போது தொலைபேசி அதிர்ந்தது. மதுரையிலிருந்து ஒருவர், புதிதாகக் கல்யாணமாகியிருக்கிறது, மனைவியோடு சேர்ந்து விளையாட ஒன்று சொல்லுங்கள் என்கிறார். செழியனின் கட்டைவிரல் தானாகவே பதிலைத் தட்டிவிட்டது. பனிக்காட்டில் உப்பு வண்டி ஓட்டிப் போகிற கேமை எடுங்கள், வழியை உங்கள் மனைவி தேர்ந்தெடுக்கட்டும், சண்டையை நீங்கள் பாருங்கள், முதல் சண்டையில் தோற்றால் யாரால் தோற்றோம் என்று மட்டும் பேசாதீர்கள். அனுப்பிவிட்டு, முன்பின் தெரியாத ஒருவருக்கு இவ்வளவு சுலபமாக வருகிற வார்த்தை கட்டிய மனைவிக்கு ஏன் காலையிலிருந்து வரவில்லை என்று யோசித்தான். யோசிக்க என்ன இருக்கிறது. மூன்றாவது கேள்வியை அவளிடம் கேட்க முடியாது, அவ்வளவுதான். போன தடவை ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. இந்தத் தடவை கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தி, இடது பக்கமாகப் படுத்தே இருக்க வேண்டும், அசையக்கூடாது, மனசையும் அலட்டிக்கொள்ளக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அந்த ஐந்தாம் மாதம் மறுபடி நெருங்கிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவளிடம் போய், ஆசையாக வளர்த்த ஆள் செத்தால் தாங்குவாயா என்று எந்த வாயால் கேட்பது.

அதனால் சாவே இல்லாத கேமாகப் பார்க்க வேண்டும். மீனம்பாக்கம் வருவதற்குள் முடிவு செய்துவிடலாம் என்று தொடங்கினான். உப்பு வண்டி கேம் கூடாது, அதில் பனியில் ஒரு கிழவர் பின்தங்கிப் போவார், திரும்பி வரவே மாட்டார். கடல் சூழ்ந்த நகரத்தில் படகுகளை நகர்த்துகிற கேம் அழகு, தண்ணீர் ஏற ஏறக் கட்டங்கள் குறைந்துகொண்டே வரும், ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் தண்ணீரில் ஒரு தொட்டில் மிதந்து வருமே, அதை எடுத்துப் பார்த்தால் காலியாக இருக்குமே, வேண்டாம். தபால்காரர் படை என்று ஒன்று, இரண்டு நாட்டுச் சண்டைக்கு நடுவே கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்களின் கதை, யாரையும் கொல்ல வேண்டியதில்லை, ஆனால் அதில் பாதிக் கடிதம் சாவுச் செய்திதான். பேரரசனின் மகன் கேம் முதல் காட்சியிலேயே ஊரைக் கொளுத்தி அம்மாவைக் கொன்றுவிடும். இந்த ஜப்பான்காரர்களுக்கு அம்மாவைக் கொல்லாமல் கதை தொடங்கத் தெரியாதா என்று அவனுக்குக் கோபமாக வந்தது. இத்தனை வருஷமாக அந்த அம்மாக்கள் ஒவ்வொருத்தியும் செத்த பிறகுதான் அவன் உற்சாகமாக வாளைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. திரிசூலத்தில் ஒரு விமானம் வீட்டுக் கூரைகளுக்கு மேலே வயிறு தெரிய இறங்கிப் போனது. கடைசியில் சமையல்காரர் படை என்று ஒன்று மிஞ்சியது. அரண்மனைச் சமையல்காரர்கள் கரண்டியும் அகப்பையுமாகப் போருக்குப் போகிற கேலிக் கதை. அடிபட்டவர்கள் சாக மாட்டார்கள், அலுத்துப்போய்க் கூடாரத்துக்குள் போய்த் தூங்குவார்கள், அடுத்த சண்டையில் ஏப்பம் விட்டுக்கொண்டு எழுந்து வருவார்கள். இதுதான், இதையேதான் சொல்ல வேண்டும். முடிவு கிடைத்துவிட்ட நிம்மதி பல்லாவரம் வரைக்கும்கூட நிற்கவில்லை. ஏனென்றால் அவனுடைய உண்மையான பிரச்சினை எந்த கேம் என்பதே இல்லை. கன்சோலுக்குள் ஏற்கனவே ஒருத்தி இருக்கிறாள், அதுதான் பிரச்சினை.

அதற்கு முன்னால் செழியனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த ரக கேம் விளையாடுகிறவர்கள் எல்லாருக்கும் கொஞ்சம் உண்டு, இவனுக்குக் கூடுதலாக உண்டு. எல்லா கேமிலும் எப்பேர்ப்பட்ட காயத்தையும் ஒரே மடக்கில் ஆற்றிவிடும் அபூர்வ மருந்து ஒன்று அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைக்கும். கடைக்குப் போனால் வாங்க முடியாது. அதை இவன் தொடவே மாட்டான். இப்போது வேண்டாம், இதைவிடப் பெரிய ஆபத்து வரும், அப்போது வைத்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டுக்கொண்டே வருவான். ஆள் அரை உயிராக நிற்கும்போதும் தொட மாட்டான். கடைசி அரக்கனும் செத்து, பாட்டு ஓடி, பெயர்களெல்லாம் மேலே ஏறிப்போன பிறகு பார்த்தால் பை நிறைய மருந்து அப்படியே இருக்கும். வெளியிலும் அதே கதைதான். பிரமிளா பிறந்தநாளுக்கு எடுத்துக் கொடுத்த சட்டை உறை பிரியாமல் அலமாரியில் மடிப்பு மஞ்சளித்துக் கிடக்கிறது. தீபாவளி அல்வாவை மெதுவாகச் சாப்பிடலாம் என்று வைத்து வைத்துப் பூஞ்சை பிடிக்க விட்டவன். அலுவலகத்து விடுப்பையும் மூட்டை கட்டி வைத்திருக்கிறான், பிரசவத்துக்கு வேண்டும் என்று. நான் இப்போதுதானே படுத்துக் கிடக்கிறேன், பிரசவத்துக்கு வந்து நீயா பெறப்போகிறாய் என்று அவள் போன வாரம் கேட்டபோது, இல்லை, அப்போது ஏதாவது ஒன்று என்றால், என்று இழுத்தான். அந்த ஏதாவது ஒன்று என்ன என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நிற்கிறான், தும்மினால் ஓடி வருகிறான். இப்படிப் பொத்திப் பொத்தி வைத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவள் அவளுடைய அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது இவன் காதில் விழுந்தது. விழுந்தும் என்ன, அன்று சாயங்காலமே குளியலறைக்கு வழுக்காத மிதியடி இன்னொன்று வாங்கி வந்தான்.

இனி அந்த ஒருத்தி. போன தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த மாதம் முழுக்கப் பிரமிளா உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், இவன் கூடத்து சோபாவில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டே இருந்தான். அவள் அழுதாள், இவன் அழவில்லை. ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. அவளைத் தொட்டால் உடைந்துவிடுவாள் என்று பயம், தொடாவிட்டால் தான் உடைந்துவிடுவோம் என்றும் பயம், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கன்சோலில் வைத்துக்கொண்டான். ஒருநாள் அவள் எழுந்து தண்ணீர் குடிக்க வந்தவள் சோபாவைப் பார்த்து, உனக்கென்ன, உனக்கு கேம் இருக்கு, என்றாள். திட்டவில்லை, சும்மா ஒரு செய்தி சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுச் சொம்பைக் கவிழ்த்துவிட்டுப் போனாள். அடுத்த நாளே இவன் கன்சோலை அலுவலகத்துக்கு எடுத்துப் போய்ப் பூட்டிவிட்டான். அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்த மாதம் அவன் சண்டையே போடவில்லை. அது மலைக்கோட்டை ஒன்றைக் காக்கிற கேம். அதில் செத்தவர்கள் செத்தவர்கள்தான், திரும்பி வர மாட்டார்கள். கோட்டைக்குள் ஒரு முகாம் உண்டு, அங்கே போய்ப் புதிதாக ஒரு ஆளைச் சேர்த்து விரும்பிய பெயர் வைக்கலாம். இவன் ஈட்டி பிடிக்கிற ஒரு சின்னப் பெண்ணைச் சேர்த்தான். மகிழ் என்று பெயர் வைத்தான். பிறப்பதற்கு முன்னால் ஆணா பெண்ணா என்று யாரும் சொல்ல மாட்டார்கள் அல்லவா, அதனால் இரண்டுக்கும் பொருந்துகிற பெயராக அவர்கள் இருவரும் தேடித் தேடி வைத்திருந்த பெயர் அது. பெயர் வைத்த பிறகு அவளைக் கோட்டைச் சுவரோரம், நான்கு பக்கமும் நல்ல வீரர்கள் சூழ, ஒரு மூலையில் நிறுத்தினான். எதிரி வருகிற நேரம் பார்த்து ஆட்டத்தை நிறுத்தினான். மறுபடி தொடங்கினான், மறுபடி நிறுத்தினான். யாரும் அவளை நெருங்கவில்லை. அந்த மாதம் முழுக்க அவன் செய்த ஒரே வேலை அதுதான். அவள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள், இந்தப் பைக்குள், இந்தக் குடைக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவில்.

வீட்டுக்குப் போய்க் கன்சோலைக் கையில் கொடுத்தால் பிரமிளா திறப்பாள், அந்தப் பெயரைப் பார்ப்பாள். பார்த்தால் என்ன ஆகும் என்று அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, ஆனால் அதைத் தவிர வேறெதையும் நினைக்கவும் முடியவில்லை. அழுவாள், அழுதால் வயிறு குலுங்கும், டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அல்லது அழ மாட்டாள், இவனை ஒரு பார்வை பார்ப்பாள், நம் பிள்ளை பெயரைப் பொம்மைக்கு வைத்து விளையாடியிருக்கிறாயா என்று. அது பொம்மை இல்லை என்று எப்படிச் சொல்வது, அது பொம்மைதானே. ஆகவே அழித்துவிட வேண்டும், வீடு போய்ச் சேருவதற்குள். சேவ் ஒன்றை, விட்ட இடத்திலிருந்து தொடரச் சேமித்து வைத்த ஆட்டத்தை, அழிப்பது ஒரு நிமிஷ வேலை. குரோம்பேட்டையில் பாதிப்பேர் இறங்கிப் பாதிப்பேர் ஏறினார்கள், சமோசா விற்கிறவர் கூடையோடு நுழைந்தார், பெட்டி முழுக்க எண்ணெய் வாசம். செழியன் கன்சோலை எடுத்து இயக்கினான். பக்கத்தில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, சதுரங்கமா தம்பி என்றார். அந்த மாதிரிதான் சார் என்றான். அவர் திருப்தியாகித் தூங்கப் போனார். மலைக்கோட்டை, பழைய சேவ், அழிக்கவா என்று கேட்டது. ஆம், இல்லை. சுட்டுகிற சின்ன அம்பு முதலில் இல்லை என்பதன் மேல்தான் வந்து நிற்கும். கேமைச் செய்தவன் யாரோ மனுஷனுடைய கையை நம்பாதவன். ஒரு பொத்தானை அழுத்தி அம்பை ஆமுக்கு நகர்த்தினான். வண்டி ஆடியது. இன்னொரு அழுத்து, முடிந்தது. அவன் அழுத்தவில்லை. ஆமிலிருந்து இல்லைக்கு, இல்லையிலிருந்து ஆமுக்கு என்று அந்த அம்பை நகர்த்திக்கொண்டே இருந்தான். அப்போதுதான் தொலைபேசியில் பிரமிளாவின் தவறிய அழைப்பு ஒன்று கிடப்பதைப் பார்த்தான்.

வண்டி பல்லாவரத்தில் இருந்தபோதே கூப்பிட்டிருக்கிறாள், இவன் மருந்துப் பையையும் அல்வாவையும் நினைத்துக்கொண்டிருந்தபோது. திருப்பி அடித்தான், மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவளுக்குத் துணையாக இருக்கிற அத்தையின் எண்ணுக்கு அடித்தான், அதுவும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் எடுக்கவில்லையென்றால் இரண்டு பேர் கையும் வேறு வேலையில் இருக்கிறது, என்ன வேலை. போன தடவையும் இப்படித்தான். ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தான், தொலைபேசி கவிழ்ந்து கிடந்தது, வெளியே வந்து பார்த்தால் பிரமிளா என்ற பெயர் வரிசையாக ஒன்றன்கீழ் ஒன்றாக. ஆட்டோவில் போகும்போது அடித்திருக்கிறாள், ஆஸ்பத்திரி வாசலில் அடித்திருக்கிறாள், கடைசியில் அவளே அடிப்பதை நிறுத்திவிட்டாள். இப்போது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது நல்லதா, அல்லது அதற்குமேல் அடிக்க முடியாமல் போய்விட்டதா. சானடோரியத்தில் வண்டி நின்றது, நின்றுகொண்டே இருந்தது. இறங்கி ஆட்டோ பிடிக்கலாமா, ஜி.எஸ்.டி. சாலையில் இந்நேரத்துக்கு ஆட்டோ ரயிலைவிட மெதுவாகத்தான் போகும். வண்டி கிளம்பியது. கன்சோலின் திரை இன்னும் மடியில் ஒளிர்ந்துகொண்டிருந்தது, அம்பு ஆம் மேல் நின்றது. இதை இப்போது அழுத்தினால் அங்கே ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றியது. தோன்றியதும் வெட்கமாகவும் இருந்தது. தையல் போட்ட அன்றைக்கு அத்தை ஒரு காசை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தபோது, காசை முடிந்தால் பிள்ளை நிற்குமா அத்தை என்று சிரித்தவன் இவன்தான். அத்தை கோபிக்கவில்லை, அது நிற்குதோ இல்லையோ, எனக்கு கை சும்மா இருக்க மாட்டேங்குது மாப்ளே, என்று மட்டும் சொன்னாள். இவனுக்கும் கை சும்மா இருக்கவில்லை, அதனால் இவனும் முடிந்து வைத்தான். மஞ்சள் துணி இல்லை, மலைக்கோட்டை, அவ்வளவுதான் வித்தியாசம். அவன் அம்பை இல்லைக்கு நகர்த்தி, அழுத்தி, கன்சோலை அணைத்துப் பைக்குள் குடைக்கு அடியில் தள்ளினான்.

தாம்பரம் தாண்டியது, பெருங்களத்தூரில் மறுபடி அடித்தான். நாலாவது மணியில் பிரமிளா எடுத்தாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். என்ன ஆச்சு, ஏன் எடுக்கல, என்று கேட்ட குரல் அவனுக்கே கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்டது. அம்மா தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள், தொலைபேசி தலையணைக்கு அடியில் போய்விட்டது, கொத்தமல்லி ஒரு கட்டு வேண்டும், அதற்குத்தான் கூப்பிட்டேன் என்றாள் அவள். சரி என்று வைத்தான். எதிரே நின்ற பெண் இவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், வாங்கிக் குடித்தான். வண்டலூர், ஊரப்பாக்கம். கூடுவாஞ்சேரியில் இறங்கிக் கொத்தமல்லி வாங்கியபோது ஒரு கட்டுக்குப் பதில் மூன்று கட்டு வாங்கினான், போதாமல் போய்விட்டால் என்ன செய்வது. சமையல்காரர் படையைத்தான் சொல்ல வேண்டும், பழைய சேவ் பக்கம் அவள் போகாமல் தானே திறந்து தானே தொடங்கிக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தான்.

வீட்டில் விளக்கு போட்டிருந்தது. அத்தை கொத்தமல்லியை வாங்கிக்கொண்டு, இத்தனையை என்ன பண்ணுறது மாப்ளே என்று தனக்குத்தானே சொல்லியபடி சமையலறைக்குப் போனாள். பிரமிளா எண்ணெய்த் தலையும் பழைய நைட்டியுமாக இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், காலைவிடத் தலை தாழ்ந்திருந்ததால் முகம் லேசாகச் சிவந்திருந்தது. இவன் கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சமையல்காரர் படையின் பெருமையைத் தொடங்கினான். கரண்டி, அகப்பை, கூடாரத்துத் தூக்கம், ஏப்பம். அவள் சிரிக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். அதில் யாருமே சாக மாட்டார்களா என்று கேட்டாள். யாருமே சாக மாட்டார்கள் என்றான் இவன், பெருமையாக. அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப ஒண்ணு விளையாடினியே செழியா. நான் உள்ள படுத்திருந்தப்ப. அது எது?"

அவன் அது வேறு, அது கஷ்டம், புதிதாக விளையாடுகிறவர்களுக்கு ஒத்து வராது என்றான்.

"அதையே குடு. அந்த மாசம் நீ எங்க போயிருந்தேன்னு எனக்குப் பாக்கணும்."

அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். அசையக்கூடாதவள் கையை நீட்டிக்கொண்டே இருந்தால் அவனால் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும். கன்சோலை எடுத்துக் கொடுத்தான். எந்தப் பொத்தான் எதற்கு என்று சொன்னான். பழைய சேவ் திறந்தது. மலைக்கோட்டை, மேகம், சுவர், சுவரோரம் நிற்கிறவர்கள். அவள் ஒவ்வொருவராகத் தொட்டுப் பெயர் பார்த்தாள். ஜப்பான் பெயர்கள் வாயில் நுழையவில்லை, தப்புத் தப்பாகப் படித்தாள். மூலைக்கு வந்ததும் படிப்பது நின்றுவிட்டது. சமையலறையில் அத்தை கொத்தமல்லியை அலசுகிற சத்தம் கேட்டது. செழியன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைத்தான் பார்த்தான், குலுங்குகிறதா என்று. குலுங்கவில்லை.

"பொண்ணுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?" என்றாள் பிரமிளா.

அவன் தலையாட்டினான். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் மூக்கைத் தாண்டித் தலையணையில் இறங்கியது, அவள் துடைக்கவில்லை. இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்தவங்க எல்லாருக்கும் முப்பது, முப்பத்திரண்டுன்னு லெவல் போட்டிருக்கு. இவளுக்கு மட்டும் ஏன் ஒண்ணு?"

"சண்டைக்கு அனுப்பல. சண்டை போட்டாத்தான் ஏறும்," என்றான் அவன். "அனுப்பினா செத்துருவாளோன்னு பயமா இருந்துச்சு பிரமிளா. எனக்கு எப்பவுமே பயமாத்தான் இருக்கு. இன்னைக்கு நீ போன் எடுக்காதப்பவும்."

சொல்லிவிட்டு அவன் அழுதான். போன தடவை அழாததையும் சேர்த்து அழுதான். கட்டிலின் கால்மாட்டு விளிம்பில் நெற்றி படக் குனிந்து அழுதவன் மேல் அவளால் எழுந்து கை வைக்க முடியாது. காலை மட்டும் நகர்த்தி, பாதத்தால் அவன் தோளைத் தொட்டாள். எனக்கும் பயமாத்தான் இருக்கு, என்றாள். அதற்காக ரெண்டு பேரும் மூலையிலேயே நிக்கிறதா, என்றாள். மூக்கை உறிஞ்சிவிட்டு, சரி சொல்லு, லெவல் ஒண்ணு இருக்கிறவளுக்கு ஏத்த சண்டை எது, ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் சொல்றியே, இவளுக்குச் சொல்லு, என்றாள்.

அவனுக்குத் தெரியும். மாதக்கணக்கில் தெரியும். கோட்டைக்குக் கீழே பழத்தோட்டத்தில் ஓநாய் வரும் சின்னச் சண்டை ஒன்று உண்டு, பெரிய வீரர்கள் யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அங்கே போ என்றான். கிழட்டுத் தளபதியைக் கூட்டிப் போ, ஆனால் பக்கத்தில் நிறுத்தாதே, ஒரு கட்டம் பின்னால் நிறுத்து, பக்கத்தில் நின்றால் அவரே அடித்துவிடுவார், இவளுக்கு அனுபவம் ஒன்றும் சேராது. சொல்லச் சொல்ல அவள் செய்தாள். தோட்டத்து மரங்களுக்கு நடுவே மகிழை ஒரு கட்டம் முன்னால் வைத்தாள். உன் முறையை முடிக்கவா என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினாள், அம்பை அங்கும் இங்கும் நகர்த்தவெல்லாம் இல்லை. ஓநாய் புதரிலிருந்து வந்து பாய்ந்தது. மகிழின் உயிர்க்கோடு சரசரவென்று இறங்கிப் பாதிக்கும் கீழே போய், சிவந்து, அங்கே நின்றது. செழியன் ஸ்டூலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். அடிபட்ட பெண் ஈட்டியை இரண்டு கையாலும் தூக்கித் திருப்பிக் குத்தினாள், ஓநாய் விழுந்தது. ஒரு சின்ன இசை ஒலித்தது. எத்தனையோ பேருக்காக எத்தனையோ ஆயிரம் தடவை அவன் கேட்டிருந்த இசைதான், இவளுக்காக ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"ரெண்டு ஆயிட்டா," என்றாள் பிரமிளா.

அவள் ஆட்டத்துக்குள் இருந்த பையைத் திறந்தாள். உள்ளே அபூர்வ மருந்து வரிசை வரிசையாக இருந்தது. இதையெல்லாம் எதுக்கு வச்சிருக்கே என்று கேட்டாள். கடைசிக்கு என்று சொல்ல வாயெடுத்தவன் சொல்லாமல் விட்டான். அவள் ஒன்றை எடுத்து மகிழுக்குக் கொடுத்தாள், வெறும் ஓநாய்க் கடிக்கு. உயிர்க்கோடு முழுசாகப் பச்சையாயிற்று. நாளைக்கு லீவு போடுகிறேன் என்று அவன் சொன்னான். அவள் காலை அவன் தோளிலிருந்து எடுக்கவில்லை. தோட்டத்தின் அந்தக் கோடியில் இன்னொரு புதர் அசைந்தது.

"இன்னொரு கட்டம் போகட்டுமா?" என்றாள்.

செழியன் எட்டிப் பார்த்தான். புதருக்கும் மகிழுக்கும் நடுவில் எத்தனை கட்டம் இருக்கிறது என்று அவன் கண் தானாக எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டது.

"போகட்டும்," என்றான்.